அண்டாவிடம் தோற்ற படம்: குளிர்நாளில் வீட்டில் எதைப் பார்ப்பது?

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முற்றத்தைப் பார்த்தபடி கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இன்னும் இடிக்கப்படாமல் மிச்சமிருக்கும் நாட்டு ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான்கு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும், மூலைகளில் இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாய். அதனடியில் மழைநீர் பிடிக்க அப்பாயி ஒரு பித்தளை அண்டாவை வைத்திருக்கிறார். அண்டா காலியாக இருக்கும்போது விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம், பாதி நிரம்பியபின் வேறொரு சத்தம், வழியத் தொடங்கினால் மூன்றாவது ஒரு சத்தம். சென்ற கார்த்திகையில் அந்த அண்டாவிடம் ‘மெய்யழகன்’ தோற்றுப்போனது.

படத்தில் குறை இல்லை. சி. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி, கார்த்தியும் அரவிந்த்சாமியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான். பரம்பரை வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவர், கார்த்திதான், ஒட்டிக்கொள்கிறார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். எங்கள் கூடத்தில் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ஒலியைக் கூட்டினால் பாட்டு வரும்போது காது கிழிந்தது. குறைத்தால் அண்டா ஜெயித்தது. “தம்பி, அந்தப் பையன் பேர் என்ன?” என்று அப்பாயி மூன்று முறை கேட்டார். எனக்கும் காதில் விழவில்லை. மழை பெயரைத் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டோம்.

குளிர்காலத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்க என்று கைபேசியில் வரும் பட்டியல்கள் எங்களுக்குப் பயன்படாமல் போவது இதனால்தான். அவற்றில் கணப்பு அடுப்பு இருக்கும், வெள்ளையாக மூடிய தெரு இருக்கும், கதவு ஜன்னல் எல்லாம் இறுக மூடி அமைதியாக இருக்கும் வீடு இருக்கும். டெல்டாவில் பனி என்றால் விடியற்காலையில் நாற்றங்கால் வரப்பில் காலை நனைப்பது. வெப்பமானி 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே நாங்கள் காதில் துண்டு கட்டிக்கொள்கிறோம். ஊட்டிக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் எங்களுக்குக் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஐப்பசி, கார்த்திகையின் கூதிர். அது ஈரக் குளிர், சத்தமான குளிர். மார்கழி, தையின் முன்பனி. அது வறண்ட குளிர், ஊசி விழுந்தாலும் கேட்கும் குளிர். இந்த இரண்டுக்கும் ஒரே படத்தைப் போடுவது, சம்பாவுக்கும் குறுவைக்கும் ஒரே விதையை விடுவது மாதிரி.

குளிருக்கும் ஓசைக்கும் உள்ள இந்தப் பகை நான் கண்டுபிடித்ததும் அல்ல. நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க் காலத்தைச் சொல்லும்போது, வேலையில்லாத விசிறிகள் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. குளிரில் யாழ் நரம்பின் சுருதி திரிந்துபோக, ஆடும் பெண்கள் அதை மார்பின் சூட்டில் தடவிச் சரிசெய்கிறார்கள். எங்கள் மின்விசிறியின் இறக்கையிலும் இப்போது நூலாம்படைதான். சுருதியைச் சரிசெய்யத்தான் வழியில்லை.

அதனால் இந்த ஆண்டு படம் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டுக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். முதல் கேள்வி, மழைக்கு மேலே கேட்குமா? இரண்டாவது கேள்வி அப்பாவுக்காக. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் கனமழை பிடித்தால் அவர் எந்த நிமிடமும் எழுந்து, டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வரப்பை வெட்டிவிடப் போவார். அரைமணி கழித்து நனைந்து திரும்பி வந்து உட்காரும்போது படம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். நட்சத்திர மதிப்பெண் உட்பட.

இந்த இரண்டிலும் தேறியது ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது, கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாதசுவரக்காரருக்கும் திருவாரூர் மோகனாம்பாள் என்ற நாட்டியக்காரிக்கும் நடக்கும் போட்டி, அதற்குள்ளே காதல். சிக்கலும் திருவாரூரும் எங்களுக்கு பஸ் ஏறிப் போகும் ஊர்கள். இது தேறியதற்கு ஊர்ப்பற்று காரணம் இல்லை, வாத்தியம்தான் காரணம். நாதசுவரம் சபாவுக்குள் பிறந்தது அல்ல. தேர் போகும் வீதியில், வெடிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே கேட்க வேண்டும் என்று செய்த கருவி. அண்டாவெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? வேடிக்கை என்னவென்றால், படத்தின் கதையே சத்தத்தைப் பற்றிய சண்டையில்தான் தொடங்குகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கிறது. கலைஞருக்குக் கோபம் வந்து வாத்தியத்தை நிறுத்திவிடுகிறார். எங்கள் வீட்டில் மழை வெடித்தது, அவர் நிறுத்தவில்லை.

சிவாஜி கணேசனின் கன்னமும் விரலும்தான் திரையில். காதில் விழுவது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. இது தெரிந்தபிறகும் கண் நம்ப மறுக்கிறது. எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இந்தப் படம் ஓடுகிறது என்றால் குடையோடு வந்து தூண் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். கதையெல்லாம் அவருக்கு வேண்டாம். பாலையா தவிலுக்குப் பின்னால் உட்காரும் இடங்களில் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். மற்ற நேரத்தில் அம்மா கொடுக்கும் சுக்குமல்லிக் காபியை ஊதிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுவரம் எங்கள் சாலையில்தான் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதன் வாயில் செருகும் சீவாளிக்குப் பேர்போன திருவாவடுதுறையும், அங்கே வாழ்ந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நினைவும் அதே சாலையில். ‘நகுமோமு’ வாசிக்கும் இடத்தில் பெரியவர் தலையை ஆட்டுவதைப் பார்த்தால், அவர் படத்தைப் பார்க்கவில்லை, சீவாளியைப் பார்க்கிறார் என்று தோன்றும்.

இரண்டாவது கேள்விக்கும் இது பதில் சொல்கிறது. ரயில் பெட்டியில் கண்ணாலேயே நடக்கும் பேச்சு, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வரும் பகுதி, போட்டி மேடை, ‘நலந்தானா’. ஒவ்வொன்றும் தனித்தனிக் கச்சேரி. அப்பா வயலிலிருந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே “எதுவரைக்கும் வந்திருக்கிறது?” என்று மட்டும் கேட்பார். “நாகப்பட்டினம் போகவில்லை இன்னும்” என்று அப்பாயி எதையாவது சொல்வார். போதும், சேர்ந்துகொள்வார். குறையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படத்தில் கடைசிப் பகுதி இழுவைதான். பணக்காரர்கள் மாற்றி மாற்றி வந்து மோகனாம்பாளை அடையப் பார்ப்பது ஒரு கட்டத்துக்குமேல் அலுக்கிறது. இதை அப்பாயியிடம் சொல்லும் தைரியம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனின் கட்சி வேறு. அவனுக்கு ‘கைதி’. 2019 தீபாவளிக்கு வந்தது, லோகேஷ் கனகராஜ் எடுத்தது. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே இரவில் நடக்கும் கதை. சிறையிலிருந்து வந்தவன் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறான். இன்னொரு பக்கம் திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் முற்றுகை. ஓசையில் இது மழையைத் தோற்கடிக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் முற்றத்து இருட்டும் படத்து இருட்டும் ஒன்றாகிவிடும். அந்த அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பா இருபது நிமிடம் வெளியே போய் வந்தால் கதை அவரை விட்டுவிட்டு லாரியில் போய்விடுகிறது. யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் இன்னும் நான்கு பேர் அடி வாங்கியிருப்பார்கள். அப்பாயிக்குப் பிடித்தது கார்த்தி பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடும் காட்சி மட்டும். “பசித்தவன் சாப்பிடுவது இப்படித்தான்” என்றார். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சிவபுராணம். வீட்டில் இளவட்டம் மட்டும் இருக்கிற இரவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. குடும்பத்தோடு என்றால் வேண்டாம்.

‘பொன்னியின் செல்வன்’ பற்றி எனக்கு இரண்டு மனம். 2022 செப்டம்பரில் முதல் பாகம், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். மணிரத்னம் இயக்கம், ஏ.ஆர். ரகுமான் இசை. இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். பழையாறை என்று திரையில் சொல்லும்போது, பட்டீஸ்வரம் பக்கம் சைக்கிளில் போன பாதை நினைவுக்கு வருகிறது. வீராணம் ஏரிக்கரை என்றால் காட்டுமன்னார்கோவில் அத்தை வீடு. ஆனால் படப்பிடிப்பு தாய்லாந்து, ஐதராபாத் என்று எங்கெங்கோ நடந்தது. சோழநாட்டுக் கதையில் சோழநாட்டு வயலைத் தேடித் தேடிப் பார்த்தேன். மண்ணின் நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது. இது வயல்காட்டுக்காரனின் முணுமுணுப்பு. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலை இருக்காது. பெரிய சிக்கல் பெயர்கள். கல்கியைப் படித்தவர்கள் ‘கதையில் அப்படி இல்லையே’ என்று படத்தை நிறுத்திச் சண்டை போடுவார்கள். படிக்காதவர்கள் பெரிய பழுவேட்டரையர் எது, சின்னவர் எது என்று கேட்பார்கள். இது கார்த்திகை மழைக்கான படம் அல்ல. பொங்கலுக்கு உறவினர் எல்லாம் வந்து கூடம் நிறைந்து, பனங்கிழங்கை உரித்து நார் கிழித்துக்கொண்டு, யாரும் முழுக்கக் கவனிக்காமல் எல்லோரும் பார்க்கிற படம். மாட்டுப்பொங்கலன்று ஒரு பாகம், காணும் பொங்கலன்று ஒரு பாகம் என்று வைத்தால் சரியாக அமையும்.

இந்த இடத்தில் ஒன்று உறைத்தது: மெய்யழகன், கைதி, வந்தியத்தேவன், மூன்றும் கார்த்தி. “இந்தப் பையனுக்கு வேறு வேலையே இல்லையா?” என்றார் அப்பாயி.

மழைக்கு மழைப்படம் என்று யோசித்தால் ‘அன்பே சிவம்’ வரும். 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடாமல், பிறகு கொண்டாடப்பட்ட படம். கனமழையால் விமானம் ரத்தாகி, புவனேஸ்வரில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பேர் சென்னைக்கு வந்து சேரப் படும் பாடு. ஊரெல்லாம் ஈரமாக இருக்கும்போது அந்தத் தொடக்கம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். போட்டுப் பார்த்தோம். வெள்ளக் காட்சி வந்த பத்தாவது நிமிடம் அப்பா எழுந்துவிட்டார். “வயலில் இருப்பது போதாதா, இதை வேறு பார்க்க வேண்டுமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்று தாளடி நடவு மூன்று நாளாகத் தண்ணீருக்குள் கிடந்தது. நல்ல படம்தான், தண்ணீர் வடிந்தபிறகு, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மழைநாளில் மழைப்படம் என்பது நகரத்துக்காரரின் ரசனை.

உண்மையான பனியைப் பார்க்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டதற்கு 1992இன் ‘ரோஜா’வைப் போட்டேன். காஷ்மீரில் நடப்பதாகச் சொன்னாலும் பனிக் காட்சிகளை மணாலியில்தான் எடுத்தார்கள். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பார்த்தாள். பாட்டு முடிந்ததும் தூங்கிவிட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்தப் படம் என்று முடிவு செய்துவிட்டாலும், அது ஓட வேண்டுமே. காற்றடித்தால் மின்சாரம் போகும்; பாதுகாப்புக்காக அவர்களே நிறுத்துவதும் உண்டு, 2018 கஜா புயலைப் பார்த்த யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் தொலைக்காட்சியும் மோடமும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் எங்கள் தெருவில் இணைய இணைப்புக்கான பெட்டி தெருக்கோடிக் கம்பத்தில் தொங்குகிறது. அதற்கு மின்சாரம் போனால் வீட்டு இன்வெர்ட்டர் இருந்து என்ன, இல்லாமல் என்ன? இரண்டு முறை ‘இன்று மாலைக்குள் சரியாகும்’ என்றார்கள். எந்த மாலை என்று சொல்லவில்லை. கைபேசி இணையத்தில் ஓட்டலாம் என்றால் கணக்கு உதைக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை. நாளொன்றுக்கு 2 ஜிபி என்று பணம் கட்டியவர், உயர்தரத்தில் பார்த்தால் இடைவேளைக்கு முன்பே கையை விரிக்க வேண்டியதுதான். மேகம் கறுக்கும்போதே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அப்படி இறக்கியதைக் கைபேசியில்தான் பார்க்க முடியும், சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். நெட்ஃபிளிக்ஸில் 2021 டிசம்பரில் 149 ரூபாயாகக் குறைத்த மொபைல் திட்டத்தை எடுத்துவிட்டு, தொலைக்காட்சியில் வரவில்லை என்று அலைந்தவர்களில் நானும் ஒருவன். அது கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். ‘மெய்யழகன்’ அங்கே இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகமும் அமேசான் பிரைமில். பழைய படங்கள் இன்றைக்கு ஒரு செயலியில், அடுத்த மாதம் வேறொன்றில் என்று இடம் மாறும். தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆக, கார்த்திகையில் ஒரே ஒரு படம் என்றால் நான் ‘தில்லானா மோகனாம்பாள்’ பக்கம். முன்பனிக்கு எது என்பதில்தான் சந்தேகம் இருந்தது. தோற்றுப்போனதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தை மாதம் இரண்டாவது வாரம் ‘மெய்யழகன்’ மறுபடி போட்டோம். மார்கழி முடிந்திருந்தது, விடியற்காலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுமே என்ற பயம் இல்லாமல் இரவு விழிக்கலாம். அப்பாவும் படம் முழுக்க இருந்தார். எங்கள் பக்கம் அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் கிடந்தது. தூரத்தில் யார் வயலிலோ அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம், அதுவும் ஒன்பது மணிக்கு நின்றுவிட்டது. அண்டாவை அப்பாயி கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்.

இப்போது எல்லாம் கேட்டது. தங்கை முறையாகும் மணப்பெண்ணுக்கு மேடையில் அரவிந்த்சாமி நகை போடும் இடத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரையரங்கில் வந்த சில நாட்களிலேயே படத்தில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அவசரமில்லாத இரவில், வெட்டாமல் விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஜல்லிக்கட்டுக் காளை, பழைய சைக்கிள், ஆற்றங்கரை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பதினொரு மணி இருக்கும். அப்பாயி என் பக்கம் திரும்பி, கார்த்திகையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“தம்பி, அந்தப் பையன் பேர் என்ன?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழை தின்றது என்று நான் நினைத்த பெயரை, படம் இன்னும் சொல்லவே இல்லை.

“அதுதான் அப்பாயி, அரவிந்த்சாமிக்கும் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். இரவு முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.”

“சொந்தக்காரன் பேர் தெரியாமலா இவ்வளவு நேரம் பேசுகிறான்?” என்றார் அப்பாயி. போர்வையைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “நிறுத்திவிடாதே, சொல்கிறானா பார்ப்போம்” என்றார்.